மூடி போடாத பீன்ஸ்

அந்த வீட்டு வாசலில் ஒரு பலகை தொங்கியது. பெயர் சின்ன எழுத்தில் இருக்கும். அதற்குக் கீழே ‘முதன்மைத் தீப்பாதுகாப்பு அதிகாரி’ என்று பெரிய எழுத்தில். இதனால் கட்டடத்தில் பாதிப் பேருக்கு அவர் பெயரே தெரியாது. எல்லோருக்கும் ஆபீசர்தான். பெற்ற அப்பாவுக்கும் ஆபீசர்தான். மனைவி மட்டும் ‘ஏங்க’ என்பாள். கோபம் வந்தால் அவளும் ‘ஆபீசர்’ என்றுதான் கூப்பிடுவாள்.

அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலையில் அவருக்கு வேலை. முதன்மை அதிகாரி என்றால் அவருக்குக் கீழே இன்னும் பல அதிகாரிகள் இருப்பார்கள் என்று யாராவது நினைத்தால் அது அவர்கள் தப்பு. அந்தப் பிரிவில் இருந்தது அவரும், ஒரு மேசையும், சுவரோரமாகத் தொங்கிய சிவப்பு மணல் வாளிகளும்தான். அவர் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அங்கே ஒரு துண்டு அட்டைகூடப் பற்றி எரிந்ததில்லை. இதைத் தன் வாழ்நாள் சாதனையாக அவர் சொல்லிக்கொள்வார். அவருடைய பேச்சைக் கேட்டுக் கேட்டுத் தீக்கே அலுத்துப்போய்விட்டது என்று தொழிலாளர்கள் சொல்லிக்கொள்வார்கள்.

வீட்டிலும் அதே ஆட்சிதான். சமையலறைக் கூரையில் ஒரு அலாரம். கொஞ்சம் புகை கண்டால் போதும், தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி அலறும். அதை அடுப்புக்கு நேர் மேலே மாட்டியிருந்தார். கட்டடம் முழுக்க எல்லா வீட்டிலும் மாட்ட வைத்ததும் அவர்தான். ஒரு முறை கீழ்வீட்டுத் தையல்காரம்மா மீன் பொரிக்கும்போது சத்தம் தாங்காமல் பேட்டரியைக் கழற்றிவிட்டார். குடியிருப்போர் கூட்டத்தில் ஆபீசர் அந்த அம்மாவை எழுந்து நிற்கச் சொல்லி, “இது உங்க ஒருத்தர் உயிர் இல்லம்மா, மொத்தக் கட்டடத்தோட உயிர்” என்று முழங்கினார். கைதட்டல் கிடைத்தது. தையல்காரம்மா மட்டும் கைதட்டவில்லை.

இப்படிப்பட்ட வீட்டில் சமையல் எப்படி இருக்கும்? எல்லாம் சின்னத் தீயில், மூடி போட்டு, ஆவியில் வெந்து, அடக்கமாகத் தட்டுக்கு வரும். வறுப்பது, பொரிப்பது, தாளித்துக் கொட்டுவது எல்லாம் அந்த வீட்டில் சொற்களாக மட்டுமே மிஞ்சியிருந்தன. அவர் மனைவி இத்தனை வருஷம் அலாரத்துக்குப் பயந்தே சமைத்தாள். ருசிக்குச் சமைக்கிற பழக்கமே அவளுக்கு விட்டுப்போயிருந்தது.

அதனால்தானோ என்னவோ, கடைத்தெரு மூலையில் இருந்த சீன உணவகத்துக்குப் போகும்போதெல்லாம் அவள் கேட்பது ஒன்றே ஒன்றுதான். காய்ந்த மிளகாயும் பூண்டும் போட்டுப் பெருந்தீயில் புரட்டிய பீன்ஸ். தோல் சுருங்கி, அங்கங்கே கருகிப் புள்ளி விழுந்து, கடித்தால் உள்ளே இன்னும் பச்சையாக நறுக்கென்று இருக்கும். அதில் கிடக்கும் சீன மிளகு நாக்கை லேசாக மரத்துப்போக வைக்கும். அதைச் சாப்பிடும்போது அவள் யாரோடும் பேச மாட்டாள். ஆபீசர் பேசுவார். சீனாக்காரர்களின் அடுப்பு எப்படிப்பட்டது, அப்படி ஒன்றைக் குடியிருப்பில் வைத்தால் என்னென்ன விதி மீறப்படும் என்று தட்டு காலியாகும்வரை விளக்குவார்.

அந்த வெள்ளிக்கிழமையும் அப்படித்தான் விளக்கிக்கொண்டிருந்தார். தட்டு காலியானதும் அவள் வாயைத் துடைத்துக்கொண்டு ஒரு செய்தி சொன்னாள். அவள் பிசியோதெரபிஸ்ட். விழுந்து எழுந்தவர்களை நடக்க வைப்பது அவள் தொழில். அவளுடைய ஆஸ்பத்திரி வேறு ஊரில் ஒரு புதுப் பிரிவு தொடங்குகிறதாம். ஒரு வருஷம் அங்கே தங்கி அதை நிலைநிறுத்தித் தர அவளைக் கேட்டிருக்கிறார்களாம். அவள் வேண்டாம் என்று சொல்லப் போகிறாளாம்.

ஏன் என்று கேட்டார் ஆபீசர். அவள் அவரையும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமனாரையும் மாறி மாறிப் பார்த்தாள். பதில் அதிலேயே இருந்தது.

மாமனார், அதாவது ஆபீசரின் அப்பா, ஒரு காலத்தில் ஏலம் விடும் தொழிலில் இருந்தவர். உடம்பு தளர்ந்துவிட்டது, குரல் மட்டும் இன்னும் சந்தைக்கூட்டத்தைத் தாண்டும். சமையலுக்கு ஆள் வைத்துப் பார்த்தாகிவிட்டது. வந்தவர்கள் செய்ததை எல்லாம் அவர் சாப்பாட்டு மேசையிலேயே ஏலம் போட்டு, கேட்பார் இல்லை என்று அறிவித்து, ஒவ்வொருவராக ஓட வைத்துவிட்டார். தினமும் கடைச் சாப்பாடு அவர் வயிற்றுக்கு ஆகாது. ஆக, அவள் போனால் அந்த வீட்டில் அடுப்பைப் பற்ற வைக்க ஆள் இல்லை. தீயை அணைக்க மட்டும் ஆள் இருந்தது.

ஆபீசருக்குச் சுருக்கென்றது. ஒரு தொழிற்சாலையையே கட்டிக் காக்கிறவனுக்கு ஒரு அடுப்படியைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதா என்று ஆரம்பித்தார். அவர் மேலே போவதற்குள் அவள் மறித்துவிட்டாள்.

“சரிங்க. இதே பீன்ஸை வீட்டுல எனக்குச் செஞ்சு குடுங்க. நடுவுல என்னைக் கூப்பிடக் கூடாது. நல்லா இருந்தா போறேன், இல்லேன்னா போகலை. திங்கட்கிழமை காலைல நான் பதில் சொல்லியாகணும்.”

“பீன்ஸ்தானே,” என்றார் ஆபீசர்.

“ஒரு தரம்,” என்றார் அப்பா.

வீட்டுக்கு வந்ததும் அவள் பரணிலிருந்து பெரிய பெட்டியை இறக்கி, தூசி தட்டி, கட்டில் பக்கத்தில் வைத்தாள். ஆபீசர் அதைப் பார்த்தார். பார்த்தது நெஞ்சில் ஏறவில்லை. அவர் அப்போது போனில் ஒரு சமையல் காணொளி பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஒரு சீனப் பெண்மணி பீன்ஸ் வறுத்துக்கொண்டிருந்தாள். ஆபீசர் அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். தீ சட்டியைத் தாண்டி எழும்புகிறது. எண்ணெய் புகைகிறது. பக்கத்தில் மூடி என்ற ஒன்றே இல்லை. அந்தப் பெண்மணி இத்தனை தவறுகளோடு எப்படி இன்னும் உயிரோடு இருக்கிறாள் என்று அவருக்கு வியப்பாக இருந்தது. செய்முறை நல்லதுதான், பாதுகாப்புக் குறைபாடுகளைத் திருத்திவிட்டால் போதும் என்ற முடிவுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கினார்.

மறுநாள் மதியம் சமையலறைக்குள் இறங்கினார். காலில் தொழிற்சாலை பூட்ஸ், கையில் தோல் உறை, கண்ணுக்குக் கண்ணாடி. அடுப்புக்கு இடப்பக்கம் மணல் வாளி, வலப்பக்கம் ஈரச் சாக்கு, வாசலில் தீயணைக்கும் சிவப்பு உருளை. காற்று தீயை வளர்க்கும் என்பதால் ஜன்னல்களை எல்லாம் அடைத்தார். கூடத்தில் மனைவி நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் நோயாளிகள் அவளைக் கை கொடுக்காத அம்மா என்பார்கள். தானாக நிற்க முடிகிறவனுக்கு அவள் கை கொடுக்க மாட்டாள். விழுந்தால் பிடிக்கிற தூரத்தில் நிற்பாள், அவ்வளவுதான். வீட்டில் அது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்திருக்க வேண்டும். நாற்காலி அவ்வப்போது முனகியது.

ஆபீசர் பீன்ஸை அலசினார். சும்மா அலசவில்லை, பச்சைக் குழந்தையைப் போலக் குளிப்பாட்டினார். அப்படியே சொட்டச் சொட்டச் சட்டியில் கொட்டினார், மொத்தத்தையும் ஒரே தடவையில். அடுப்பு கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு நீலப் புள்ளியாக எரிந்தது. அதற்கே எண்ணெய் சடசடவென்று தெறித்தது. அவர் கை தானாகப் போய் மூடியை எடுத்து டப்பென்று சாத்தியது. உள்ளே மழை பெய்கிற சத்தம் கேட்டது. புகை இல்லை. அலாரம் வாயைத் திறக்கவில்லை. ஆபீசர் கையைக் கட்டிக்கொண்டு, ஒரு விபத்தைத் தடுத்த திருப்தியோடு நின்றார். கொஞ்ச நேரம் கழித்து மூடியைத் தூக்கி, மிளகாய், பூண்டு, இஞ்சி, சோயா சாஸ் எல்லாவற்றையும் மேலே தூவி மறுபடி சாத்தினார்.

பீன்ஸ் மேசைக்கு வந்தது. அது பழைய காக்கிச் சட்டையின் நிறத்தில் இருந்தது. ஒன்றை எடுத்துப் பிடித்தால் இரண்டு முனையும் தொங்கியது, விசாரணைக்குக் கூப்பிட்ட ஊழியனின் தலை மாதிரி. அப்பா அதை முள்கரண்டியில் தூக்கிக் காட்டி, பார்வைக்கு வைத்திருக்கிறோம், கேட்கிறவர்கள் கேட்கலாம் என்று குரல் கொடுத்தார். யாரும் கேட்கவில்லை. சரக்கைத் திரும்ப வைக்கிறோம் என்று அறிவித்துவிட்டுத் தயிர்ப் பாத்திரத்தை இழுத்துக்கொண்டார்.

அவள் மட்டும் பொறுமையாக நாலைந்து துண்டு சாப்பிட்டாள்.

“வெந்திருக்கு,” என்றாள்.

அதில் கேலி இல்லை. கேலியாக இருந்திருந்தால் ஆபீசர் பதில் வைத்திருந்தார். பிறகு அவள், பரவாயில்லை, வரவில்லை என்று சொல்லிவிடுகிறேன், இதில் என்ன இருக்கிறது என்றாள். அதைக் கேட்டதும் ஆபீசருக்குள் அப்பாடா என்று ஒரு மூச்சு வெளியேறியது. அவமானப்பட வேண்டிய இடத்தில் இப்படி ஒரு நிம்மதி வந்ததை அவரே எதிர்பார்க்கவில்லை. அவள் போகப்போவதில்லை. காலையில் சட்டை இஸ்திரி போட்டு இருக்கும், டிபன் டப்பா மேசையில் இருக்கும், எல்லாம் இருந்த இடத்தில் இருக்கும். பீன்ஸ் கெட்டது பெரிய நஷ்டமா என்ன?

தட்டைக் கழுவப் போட்டுவிட்டு அவர் படுக்கையறையைத் தாண்டினார். அவள் ஸ்டூலில் ஏறி நின்று, அந்தப் பெரிய பெட்டியைப் பரணில் தள்ளிக்கொண்டிருந்தாள். முழுசாக உள்ளே போகாமல் அது முரண்டு பிடித்தது. தோளைக் கொடுத்துத் தள்ளினாள். நேற்று ராத்திரி அந்தப் பெட்டி எதற்குக் கீழே இறங்கியது என்பது ஆபீசருக்கு இப்போதுதான் உறைத்தது. அவர் செய்து காட்டிவிடுவார் என்று அந்த வீட்டில் ஒருத்தி நம்பியிருக்கிறாள். அதுவும் தூசி தட்டி வைக்கிற அளவுக்கு.

அவர் கூடத்துக்குத் திரும்பாமல் அப்படியே பூட்ஸோடு வேலைக்குக் கிளம்பினார். சாயங்கால ஷிப்டுக்குத் தீயணைப்புப் பயிற்சி இருந்தது.

தொழிற்சாலை முற்றத்தில் தொழிலாளர்கள் அரைவட்டமாக நின்றார்கள். முன்வரிசையில் இருந்தவர்கள் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கப் பழகியவர்கள். ஆபீசர் எப்போதும்போல ஆரம்பித்தார். தீ ஒரு நாற்காலி மாதிரி, அதற்கு மூன்று கால், சூடு, காற்று, எரிபொருள். எந்தக் காலை உடைத்தாலும் குப்புற விழும். தண்ணீர் சூட்டைத் தின்னும். மூடி காற்றைத் தடுக்கும். இதைச் சொல்லிக்கொண்டே ஒரு இரும்புத் தட்டில் எண்ணெய் ஊற்றிப் பற்ற வைத்தார். மஞ்சளாகக் கொழுந்துவிட்டது. வழக்கம்போல ஒரு கம்பீரத்தோடு மூடியை எடுத்து டப்பென்று சாத்தினார். தீ செத்தது.

ஆபீசர் அசையாமல் நின்றார்.

அந்தச் சத்தத்தை அவர் மதியம்தான் கேட்டிருந்தார். அதே கை, அதே வேகம், அதே டப். சொட்டச் சொட்டத் தண்ணீர், அதனால் சூடு போச்சு. மேலே மூடி, ஜன்னலும் அடைப்பு, அதனால் காற்றும் போச்சு. அடுப்பை ஒரு புள்ளியாக வைத்ததில் மிச்சமும் போச்சு. உலகத்தில் வேறு எந்தச் சமையல்காரனும் செய்திருக்க முடியாத ஒரு காரியத்தை அவர் செய்திருந்தார். பீன்ஸை அவர் சமைக்கவே இல்லை. பற்றி எரிகிற கிடங்கை அணைப்பதுபோல, விதிப்படி, படிப்படியாக அணைத்திருந்தார்.

பேச்சு பாதியில் நின்றதும் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் விழித்துவிட்டார்கள். அவர் சர்வீசிலேயே இது நடந்ததில்லை. அட்டை வெட்டும் எந்திரக்காரர் ஓடிவந்து, நெஞ்சு வலியா சார் என்று கேட்டார். ஆபீசர் தலையை ஆட்டிவிட்டு, இன்றைக்கு இவ்வளவுதான், எல்லோரும் போகலாம் என்றார். அவர் காலத்தில் தொழிலாளர்களை மகிழ்வித்த முதல் உரை அது.

திரும்பும் வழியில் பீன்ஸ் வாங்கினார். கடைக்காரர் அள்ளிப் போட வந்தபோது தடுத்து, ஒல்லியாக, வளைத்தால் சட்டென்று முறிகிறதாகப் பார்த்துப் பொறுக்கினார். ஒன்றொன்றாக முறித்துப் பார்ப்பதைக் கண்டு கடைக்காரர், இது காய்கறிக் கடைங்க, சோதனைச் சாலை இல்லை என்றார். ஆபீசர் கோபித்துக்கொள்ளவில்லை. முறித்ததையும் சேர்த்து எடை போடச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அலசி முடித்து, ஒரு வெள்ளைத் துண்டில் பீன்ஸைப் பரப்பினார். ஒவ்வொன்றாக எடுத்து இன்னொரு துண்டால் துடைத்தார். பிறகு கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே பழைய போர்வை விரித்து, அதில் வரிசையாக அடுக்கி, ஈரம் போகும்வரை யாரும் கிட்டே வரக்கூடாது என்று அப்பாவைக் காவலுக்கு உட்கார வைத்தார். அப்பா, இவ்வளவு பத்திரமாக நகையைக்கூட யாரும் ஏலத்துக்குக் கொண்டுவந்ததில்லை என்றார்.

மனைவி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். எதற்கு மறுபடியும், நான்தான் சொல்லிவிட்டேனே என்றாள். திங்கட்கிழமை காலையில்தானே பதில், இன்றைக்கு ஞாயிறுதானே என்று மட்டும் சொல்லிவிட்டு ஆபீசர் சமையலறைக்குள் போனார். பூட்ஸ் இல்லை, உறை இல்லை. ஒரு பழைய பனியனும் அரை வேட்டியும்தான். மணல் வாளி மட்டும் மூலையில் இருந்தது. ஒரே நாளில் ஒரு மனிதனிடமிருந்து எல்லாவற்றையும் எதிர்பார்க்க முடியாது.

இரும்புச் சட்டியை அடுப்பில் வைத்தார். அண்ணாந்து பார்த்தார். அலாரத்தின் சின்னச் சிவப்பு விளக்கு அவரையே முறைத்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டார். ஏறினார். இறங்கினார். கூடத்துப் பக்கம் எட்டிப் பார்த்தார். மறுபடி ஏறி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, பேட்டரியைக் கழற்றினார். சிவப்பு விளக்கு அணைந்தது. தன் கையாலேயே தன் சிலையை உடைப்பது போல இருந்தது அவருக்கு. சிலை என்று ஒன்று இருந்ததாக மற்றவர்கள் யாருக்கும் தெரியாது என்பது வேறு விஷயம்.

கீழே இறங்கியபோது மேடையில் மூடி தெரிந்தது. கைக்கு எட்டும் தூரம். அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார். ஒன்றுமே வேண்டாம்; கை பழக்கத்துக்கு அதை எடுத்து ஒரு தடவை சாத்தினால் போதும், அவள் இங்கேயே இருப்பாள். யாரும் அவரைக் குறை சொல்லப் போவதில்லை. பாவம், முயற்சி பண்ணினார் என்றுதான் சொல்வார்கள். சட்டை இஸ்திரி, டிபன் டப்பா, எல்லாம் அப்படியே. பரணில் பெட்டியும் அப்படியே.

ஆபீசர் மூடியை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்து அப்பாவின் மடியில் வைத்தார்.

“இதை வச்சுக்கங்கப்பா. நானே வந்து கேட்டாலும் தராதீங்க.”

அப்பா மூடியை ஒரு பார்வை பார்த்து, தட்டிப் பார்த்து, மடியில் அணைத்துக்கொண்டார். மனைவி கைகளை மட்டும் மறுபடி தொடைக்கு அடியில் செருகிக்கொண்டாள்.

அடுப்பை முழுசாகத் திறந்தார். நீலத் தீ சட்டியின் அடியைச் சுற்றி விரிந்தது. எண்ணெய் தாராளமாக. அது நெளிந்து, பளபளத்து, மெல்லப் புகையத் தொடங்கியது. புகை தெரிந்தும் அந்த வீட்டில் எதுவும் அலறாமல் இருந்ததுதான் அவரைப் பயமுறுத்தியது. ஒரு கைப்பிடி பீன்ஸை மட்டும் போட்டார். சத்தம் வேறு மாதிரி இருந்தது. நேற்றைய மழை இல்லை இது. காய்ந்த இலையை மிதிக்கிற சத்தம். பச்சை முதலில் ஆழமானது. பிறகு தோல் மெல்லச் சுருங்கி, கொப்பளித்து, அங்கங்கே பழுப்புப் புள்ளி விழுந்தது. வடித்து எடுத்துவிட்டு அடுத்த கைப்பிடி போட்டார். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிவிட வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் கை பரபரத்தது. கொட்டவில்லை.

கடைசிக் கைப்பிடியில் எங்கேயோ ஒரு துளி ஈரம் ஒளிந்திருந்திருக்க வேண்டும். எண்ணெய் குப்பென்று வெடித்து முழங்கையில் தெறித்தது. இத்தனை வருஷப் பயிற்சி ஒரு நொடியில் எழுந்து நின்றது.

“மூடி, மூடி,” என்று அவர் கூவினார்.

“ஏலம் முடிஞ்சிடுச்சு,” என்று கூடத்திலிருந்து குரல் வந்தது. “வித்த சரக்கைத் திருப்பித் தர்றதில்லை.”

நாற்காலி கிறீச்சென்று நகரும் சத்தமும் கேட்டது. அவள் பாதி எழுந்துவிட்டிருந்தாள். கதவுக்கு நேராக அவள் நிழல் தெரிந்தது. அங்கேயே நின்றது. உள்ளே வரவில்லை. ஆபீசர் முழங்கையைத் தண்ணீரில் காட்டிவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு கரண்டியைத் திரும்ப எடுத்தார்.

இனி மிளகாய். இங்கே அவருடைய படிப்பு உதவியது. கட்டைக்கு முன்னால் காகிதம் பிடிக்கும், காகிதத்துக்கு முன்னால் தூள் பிடிக்கும் என்று இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். பீன்ஸ் கட்டை. மிளகாய் காகிதம். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் கட்டை வேகுமுன் காகிதம் சாம்பல். எண்ணெயை முக்கால்வாசி வடித்தார். தீயைக் கொஞ்சம் இறக்கி, கிள்ளிய காய்ந்த மிளகாயையும் சீன மிளகையும் போட்டார். நிறம் மாறப்போகிறது என்று தோன்றிய அந்தக் கணமே நறுக்கிய பூண்டும் இஞ்சியும். மணம் எழுந்ததும் பீன்ஸ் எல்லாவற்றையும் திரும்பக் கொட்டி, தீயை ஏற்றி, சட்டியின் ஓரமாகச் சோயா சாஸை விட்டார். அது சீறி ஆவியாகி ஒரு பெரிய காரப் புகையாக எழும்பி, போக இடம் இல்லாமல் அறை முழுக்க நிறைந்தது.

அவர் இருமினார். கூடத்தில் அப்பா இருமினார், அவர் இருமலும் ஏலக்குரலில்தான் வந்தது. மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கதவிடுக்கு வழியாகப் புகை மாடிப்படியில் இறங்கிக் கீழ்வீட்டைத் தட்டியது. சற்று நேரத்தில் தையல்காரம்மா கழுத்தில் அளவு நாடாவோடு வாசலில் நின்றார். கண்ணில் நீர். ஆனால் அந்தக் கண்கள் நேராகச் சமையலறைக் கூரைக்குப் போய், அங்கே வாய் பிளந்து தொங்கிய அலாரத்தில் நிலைத்தன. இந்தக் காட்சிக்காக எத்தனை இருமலையும் தாங்கலாம் என்பது அவர் முகத்தில் எழுதி இருந்தது.

“இது உங்க ஒருத்தர் உயிர் இல்ல சார்,” என்றார் நிதானமாக. “மொத்தக் கட்டடத்தோட உயிர்.”

வேறு நாளாக இருந்திருந்தால் ஆபீசர் இதற்கு விதி, விலக்கு, சிறப்பு அனுமதி என்று ஏதாவது கண்டுபிடித்திருப்பார். இப்போது கையில் கரண்டி இருந்தது. பூண்டு கருகிவிடும் என்ற கவலை இருந்தது.

“தப்புதாம்மா. அடுத்த கூட்டத்துல என்னை எழுந்து நிக்கச் சொல்லுங்க,” என்றார் திரும்பாமல். “இப்ப கொஞ்சம் வழி விடுங்க, சட்டியை இறக்கணும்.”

தையல்காரம்மா இதை எதிர்பார்க்கவில்லை. சண்டைக்குத் தைத்துக்கொண்டு வந்த வார்த்தைகள் அளவு தப்பிப்போனது போல ஒரு நிமிஷம் நின்றார். பிறகு நேராக நடந்து போய் ஜன்னலைத் தள்ளித் திறந்தார். புகை வெளியே போனது.

“அன்னைக்கு இத்தனை பேசினீங்களே, ஜன்னலைத் திறன்னு ஒரு வார்த்தை சொல்லலையே சார்,” என்றார்.

ஆபீசர் ஒரு கிண்ணத்தில் பீன்ஸை எடுத்து அவர் கையில் கொடுத்தார். மறுக்காமல் வாங்கிக்கொண்டு, ஒன்றை அங்கேயே வாயில் போட்டுக்கொண்டு, கூட்டம் எப்போது என்று நினைவூட்டத் தானே வருவதாகச் சொல்லிவிட்டுப் படியிறங்கினார் தையல்காரம்மா.

மேசையில் சோறும் பீன்ஸும் மட்டும் இருந்தன. பீன்ஸ் சுருங்கியிருந்தது. சில துண்டுகள் அளவுக்கு மேலேயே கருகியிருந்தன. முதல் கைப்பிடியில் வந்தவை. உப்பு ஒரு சிட்டிகை தூக்கல். ஆபீசர் இதையெல்லாம் முன்கூட்டியே விளக்கிவிட வாயைத் திறந்தார். அவள் அதற்குள் ஒன்றை எடுத்துக் கடித்தாள். நறுக்கென்றது. அந்தச் சத்தம் மேசை முழுவதும் கேட்டது.

அவள் ஒன்றும் சொல்லவில்லை.

இன்னொன்று எடுத்தாள். பிறகு ஒரு கரண்டி. சோற்றோடு பிசையக்கூட இல்லை. நெற்றியில் வேர்த்தது, மூக்கை உறிஞ்சினாள், ஒரு மிளகாயை ஓரமாக ஒதுக்கினாள், யோசித்து அதையும் எடுத்துக்கொண்டாள். உணவகத்தில் மாதாமாதம் ஆபீசர் எதிரே உட்கார்ந்து பார்த்த மௌனம் இதுதான். அப்போதெல்லாம் தன் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று அவர் நினைத்திருந்தார். திறந்த வாயை மூடிக்கொண்டார். தட்டு காலியாகும்வரை அந்த மேசையில் ஆபீசர் பேசாமல் இருந்தது அதுதான் முதல் தடவை. அப்பாகூட இரண்டு முறை அவரைத் திரும்பிப் பார்த்தார், உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று.

கடைசித் துண்டையும் வழித்துச் சாப்பிட்ட பிறகுதான் அவள் நிமிர்ந்தாள்.

“சோறு வடிக்கச் சொல்லியிருந்தா வடிச்சிருப்பீங்க. அது உங்க பசிக்கு,” என்றாள். “எனக்குப் பிடிச்சதை இந்த வீட்டுல யாராவது செய்வாங்களான்னு பார்க்கணும்னு இருந்துச்சு.”

ஆபீசர் தட்டுகளை அடுக்கினார். உப்பு கொஞ்சம் தூக்கல்தான் என்றார்.

“தூக்கல்தான்,” என்றாள் அவள். கையைக் கழுவிவிட்டு வந்து, சமையலறை நடுவில் கிடந்த ஸ்டூலைக் காட்டினாள். “அதை எடுத்துட்டு வாங்க. பெட்டி மேல இருக்கு. நேத்து ரொம்ப உள்ள தள்ளிட்டேன், எனக்கு எட்டாது.”

அவர் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போனார். பெட்டி பரணின் மூலையில் நன்றாகச் சிக்கியிருந்தது. அதை உள்ளே தள்ளினவள் தோளின் கோபம் முழுக்க அதில் இருந்தது. இழுத்தார், வரவில்லை. அவள் கீழே நின்றாள், கை நீட்டாமல், அவர் சரிந்தால் பிடிக்கிற தூரத்தில். முழங்கை எரிந்தது. பல்லைக் கடித்து ஒரு இழுப்பு இழுத்தார். பெட்டி கையோடு வந்தது. இறங்கிக் கட்டில் பக்கத்தில், வெள்ளிக்கிழமை இருந்த அதே இடத்தில் வைத்துவிட்டு, தோளில் கிடந்த துண்டால் தூசியைத் துடைத்தார். பீன்ஸ் துடைத்த துண்டு அது.

பிறகு ஸ்டூலோடு சமையலறைக்குத் திரும்பிப் பேட்டரியை மாட்டினார். அலாரம் ஒரு தடவை கீச்சென்று குரல் கொடுத்து, சிவப்பு விளக்கைத் திறந்தது. ஆபீசர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மறுபடி கழற்றி, அடுப்புக்கு நேர் மேலே இருந்ததை அறையின் மறுகோடியில், கதவோரமாக மாட்டினார்.

கூடத்தில் அப்பா இன்னும் மூடியை மடியில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். அவள் போன பிறகு தினமும் இதே பீன்ஸ்தானா என்பது அவருக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. தொண்டையைச் செருமி, சந்தைக்கே கேட்கிற குரலில் அதைக் கேட்டார்.

“இல்லப்பா. அடுத்தது முட்டைக்கோஸ்,” என்றார் ஆபீசர், சட்டியைத் தேய்த்துக்கொண்டே. “மூடியை நீங்களே வச்சுக்கங்க.”